ரெண்டு சுத்துல நின்ன போல்ட்

ராஜபாளையத்துல அக்கா பசங்களுக்கு இரும்பு அடுக்குக் கட்டில் மாட்டிட்டிருந்தேன். மேல் கட்டிலைத் தாங்குற எட்டு எம்எம் போல்ட்டுல ஒண்ணு பெட்டியிலயே இல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் தாத்தா மில்லுல ஃபிட்டரா இருந்தவர். அவரோட பிஸ்கட் டின்ல அதே தடிமன்ல ஒண்ணு கிடைச்சது. ரெண்டு சுத்து ஏறுச்சு. அப்புறம் இறுகி நின்னுடுச்சு.

"மாப்ள, ஸ்பேனர் போட்டு ஒரு இழுப்பு இழு"ன்னார் அத்தான்.

இழுக்கல. ஏன்னா, 1841 வரைக்கும் இங்கிலாந்துல பட்டறைக்குப் பட்டறை மரை வேற. மான்செஸ்டர் ஜோசஃப் விட்வொர்த் பல பட்டறை போல்ட்டுகளைச் சேகரிச்சு, சராசரி பார்த்து, 55 டிகிரின்னு ஒரு பொது அளவு சொன்னார். நம்ம ஆளுங்க ஏபிஐக்கு ஸ்டாண்டர்ட் எழுதுற மாதிரிதான். அவரோட லங்காஷயர் வட்டாரத்துல இருந்துதான் இந்திய மில்களுக்கு ஏகப்பட்ட மெஷின் வந்துச்சு. கூடவே அந்த மரையும். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினப்போ இந்தியாவுல அங்குலக் கணக்குதான். மெட்ரிக் சட்டம் வந்தது 1956-ல். பழைய மெஷின் ஓடுற வரைக்கும் பழைய மரையும் ஓடுச்சு.

தாத்தா போல்ட் 5/16 அங்குலம், அதாவது 7.94 எம்எம். கண்ணுக்கு எட்டுதான். ஆனா அங்குலத்துக்கு 18 மரை, இடைவெளி 1.41 எம்எம். கட்டில் நட்டுல 1.25. ஸ்பேனரால இழுத்திருந்தா மரை சிதைஞ்சு, நல்லா இறுகின மாதிரியே இருந்திருக்கும். மேல பையன் தூங்குவான்.

ஹார்டுவேர் கடையில எம்8 வாங்கினேன். கையாலயே கடைசி வரை ஏறுச்சு. டின் மேல 'அங்குலம்'னு எழுதி ஒட்டியாச்சு.