'றயற்', 'றிபெலியன்': 1848இன் இரு சொற்கள்

ஆங்கிலத்தில் 'றயற்', 'றிபெலியன்' என்னும் இரு சொற்களும் மக்கள் திரண்டெழுந்து அமைதியைக் குலைப்பதையே குறிப்பன. தமிழில் இரண்டையும் 'கலகம்' என்றே வழங்குவோர் பலர். ஆயினும் ஆங்கிலச் சட்டத்தில் இவற்றிடையே உள்ள தூரம் பெரிது. முன்னையது, சச்சரவு எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அக்காலத்தில் மூவர் கூடி வன்முறையில் இறங்கினாலே அது நிகழ்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அதனை அடக்கச் சாதாரண சட்டமே போதும். பின்னையதன் வேர், வெல்லப்பட்டோர் மீண்டும் போர்தொடுத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். முடிக்கெதிரான போர் ஆதலின் அது இராசத்துரோகம்; அக்காலத்தில் அதற்குத் தண்டனை மரணமாயிருந்தது.

1848இல் இலங்கையில் இவ்வேறுபாடு உயிர்களைப் பறித்தது. துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட புதிய வரிகளும், ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்துதல் என்ற சட்டமும் கண்டிப் பிரதேச மக்களைச் சினங்கொள்ளச் செய்தன. யூலை இறுதியில் மாத்தளையிலும் குருநாகலிலும் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. ரொறிங்டன் தேசாதிபதி இதனை 'றிபெலியன்' எனக் கொண்டு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். ஒக்டோபர் 10 வரை அது நீடித்தது. இருநூறு பேர் வரை மாண்டனர். ஆங்கிலப் படையில் ஒருவரேனும் உயிரிழக்கவில்லை. இத்தனைக்கும் நியாயம் வழங்கியது அவ்வொரு சொல்லே. நிகழ்ந்தது வெறும் 'றயற்' எனின் அக்கொலைகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. பின்னர் இலண்டன் பாராளுமன்றக் குழு விசாரித்த வேளையில் தேசாதிபதியின் எதிரிகள் வற்புறுத்தியதும் இதனையே. 1850இல் அவர் பதவியிழந்தார்.

மக்களுக்காகப் பரிந்து பேசியோர் நிகழ்ச்சியைச் சிறிதாக்க, அடக்கியோர் அதனைப் பெரிதாக்கினர் என்பது நோக்கற்பாலது. பிற்காலத் தேசிய நோக்குடையோரோ ரொறிங்டனின் சொல்லையே பெருமைக்குரியதாகக் கைக்கொண்டனர். அது யார் வாயிற் பிறந்த சொல் என அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வரிகளை மட்டும் நோக்கின் 'றயற்' போதுமானதே. ஆனால் யூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டப்பட்டது. வரியை வெறுக்கும் கூட்டம் கச்சேரியைத் தாக்கும்; அரசனைத் தேடாது. ஆகவே தலைவர்களைப் பொறுத்தவரை 'றிபெலியன்' பொருந்தும். அவர்பின் சென்ற ஊரவர் அனைவர்க்கும் அதனைச் சார்த்துதல் தகாது. இராணுவ நீதிமன்றமோ பொறுத்திருந்து இவ்வேறுபாட்டை ஆராயவில்லை. புரன் அப்பு ஓகஸ்ட் 8இலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். முடிசூடிய பண்டா செப்டெம்பரிற் பிடிபட்டமையால் சாதாரண நீதிமன்றத்தின் முன் நின்றார். இராசத்துரோகக் குற்றத்துக்காக மரணதண்டனை பெற்றும், அது குறைக்கப்பட்டு, நூறு கசையடியுடன் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.