போர்க்களத்திலிருந்து சாந்தினி சௌக் வரை

தில்லியில் நெடுங்காலமாக வாழும் தமிழர்களுக்குப் ‘பட்பட்டி’யை அறிமுகம் செய்து வைக்க வேண்டுவதில்லை. முன்பாதி மோட்டார் சைக்கிள். பின்பாதி கித்தான் கூரை வேய்ந்த வண்டி. கன்னாட் பிளேசுக்கும் சாந்தினி சௌக்குக்கும் இடையே படபடவென்று முழங்கிக்கொண்டு ஓடியமையால் ஒலியே அதற்குப் பெயராயிற்று. பழைய மோட்டார் சைக்கிளைச் சிறிய முதலில் வாங்கிச் செப்பனிட விரும்புவோர் இன்று பலர் உளர். அவர்கள் அறிய வேண்டிய வரலாறு இந்தப் பட்பட்டியின் வரலாறே ஆகும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி நேச நாட்டுப் படைகளுக்காக ஏறத்தாழ 90,000 மோட்டார் சைக்கிள்களைச் செய்து தந்தது. அவற்றுள் மிகுதியானவை டபிள்யூ.எல்.ஏ. என்னும் வகையைச் சார்ந்தவை. 1945-இல் போர் முடிந்தது. இந்நாட்டில் படைகள் விட்டுச்சென்ற தளவாடங்கள் ‘டிஸ்போசல்’ சரக்காக விலைக்கு வந்தன. ஜீப்புகளோடும் லாரிகளோடும் ஹார்லி வண்டிகளும், ‘இந்தியன்’ என்னும் மற்றோர் அமெரிக்கக் கம்பெனியின் வண்டிகளும் அவ்வாறே கைமாறின.

அடுத்து வந்தது 1947-ஆம் ஆண்டின் பிரிவினை. ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் தில்லியை வந்தடைந்தனர். 1941-இல் சுமார் 9 லட்சமாக இருந்த மக்கள் தொகை 1951-இல் 17 லட்சத்தைக் கடந்தது. கரோல் பாகில் தமிழ்க் குடும்பங்களும் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்களும் அண்டை வீட்டாராக வாழத் தலைப்பட்ட காலம் அது. நிலத்தையும் கடையையும் இழந்து வந்தவர்களுக்கு ஒரு பிழைப்பு வேண்டியிருந்தது. பெருகிவிட்ட நகரத்துக்கோ வாகனம் வேண்டியிருந்தது. இவ்விரண்டு தேவைகளும் சந்தித்த இடத்திலேதான் பட்பட்டி பிறந்தது. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை நீக்கி, இரு சக்கரங்கள் பூட்டிய அச்சைப் பொருத்தி, அதன்மீது ஆசனங்களை அமைத்தனர். நால்வருக்கென அமைந்த இடத்தில் அதற்கு மேலும் ஏறியவர் உண்டு.

இஃது எவ்வாறு இயன்றது? அந்த எஞ்சினின் எளிமையே காரணம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 740 கன சென்டிமீட்டர். இரண்டு சிலிண்டர்களும் ஆங்கில ‘வி’ எழுத்தைப்போல் விரிந்து நிற்கும். வால்வுகள் சிலிண்டரின் பக்கத்திலே அமைந்திருந்தமையால் தலைப்பகுதி வெறும் மூடியாகவே இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றி அதைத் தூக்கினால் பிஸ்டனும் வால்வுகளும் கண்ணெதிரே தோன்றும். படிந்த கரியைச் சுரண்டுவதும் வால்வுகளைத் தேய்த்து அமர்த்துவதும் தெருவோரத்திலேயே செய்யத்தக்க வேலைகள். அழுத்த விகிதம் 5-க்கு 1 என்ற அளவிலேயே இருந்ததால் மட்டரகப் பெட்ரோலும் அதற்குப் போதுமாயிற்று. சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து, அளவில் பெரிய பிஸ்டனை இடலாம். ஓடாத வண்டி ஓடும் வண்டிக்கு உறுப்புகளை ஈந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அசல் எஞ்சின்களும் ஓய்ந்தன. அவற்றின் இடத்தில் டீசல் எஞ்சின்களைப் பொருத்தி ஓட்டினர். பல வண்டிகளில் முன்பக்கம் தவிர ஹார்லியின் பகுதி வேறெதுவும் எஞ்சவில்லை.

இங்ஙனம் அரை நூற்றாண்டு உழைத்த வண்டிகளுக்கு முடிவும் வந்தது. தலைநகரின் காற்று மாசடைந்தது குறித்து உச்ச நீதிமன்றம் மேற்கொண்ட நடவடிக்கைகளின் பயனாக, 1998-இல் அவை தெருவிலிருந்து அகற்றப்பட்டன. புகையைச் சுவாசித்த மக்களின் நலன் நோக்கி அம்முடிவு தேவையாயிருந்ததென்பதை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது.

2021-இல் மத்திய சர்க்கார் புராதன வாகனங்களுக்கென விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு அவ்விதிகள் தனிப் பதிவெண் அளிக்கின்றன. சட்டகம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் எதுவும் செய்யாது, ஆதி வடிவிலேயே வண்டியைப் பேணியிருத்தல் வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிபத்துக்கோ அதை ஓட்டுதல் கூடாது. அதாவது, உழைக்காமல் கொட்டகையில் நின்ற ஹார்லிக்குப் புராதனம் என்ற மதிப்பு உண்டு. குடும்பங்களுக்குச் சோறிட்டு, அதன்பொருட்டு உருமாறிய ஹார்லிக்கு அம்மதிப்பு இல்லை.

ஆகவே, பழைய வண்டி வாங்க முற்படுவோர் முதலில் தம் நோக்கத்தைத் தெளிந்துகொள்ளுதல் நலம். பாதுகாக்க வேண்டுமாயின், அசல் உறுப்புகள் குறையாத வண்டியையே தேட வேண்டும். வண்ணமும் முலாமும் பின்னர்ப் பூசிக்கொள்ளலாம். காணாமற்போன அசல் உறுப்பைத் தேடிப் பிடிப்பதே பெருஞ்செலவு. சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே பணத்தைத் தருதல் வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியாயின், அவ்விடத்துப் பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றையும் பெறுதல் அவசியம். ஓட்டுவதே நோக்கமாயின், பழுது பார்க்க எளிய எஞ்சினும், அருகிலேயே கிடைக்கும் உறுப்புகளுமே முதன்மையானவை. ஓட்டப்போகும் ஊரின் மாசு விதிகளையும் அறிந்துகொள்ள வேண்டும்.

செப்பனிடுதல் என்பது பழைய பளபளப்பை மீட்பது மட்டுமன்று. கழித்துவிட்ட பொருளுக்கு மீண்டும் வேலை கொடுப்பதும் செப்பனிடுதலே. அகதிகளாக வந்த அந்தத் தொழிலாளர்கள் செய்தது இரண்டாவது வகை. அவர்களுடைய கைவண்ணத்துக்கும் நம் நாட்டு மோட்டார் வரலாற்றில் ஓரிடம் உண்டு.