உஜோங் சாலாங்: புக்கெட் தீவு நமக்குச் சொல்லும் பாடம்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுகிறது: பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கே செல்வது? அண்மைக் காலமாக அதற்கு விடையாகப் பலரும் சொல்லும் பெயர் தாய்லாந்தின் புக்கெட் தீவு. கடற்கரையும் கேளிக்கையும் நிறைந்த இடம் என்று ஒரு சாரார் ஆவலுடன் புறப்படுகின்றனர். அதே காரணத்தினால் மறு சாரார் அப்பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கின்றனர். இவ்விரு சாராரும் அறியாத ஒரு வரலாறு அத்தீவுக்கு உண்டு. அதில் நம் முன்னோருக்கும் பங்குண்டு.

சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் அங்கே சில நாள்கள் தங்கும் வாய்ப்பை அல்லாஹ் நமக்கு அளித்தான். தீவின் மேற்குக் கரையிலுள்ள பாங் தாவ் என்னும் ஊரில் ஒரு மாலைப் பொழுது. கதிரவன் கடலில் இறங்கிய சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு ஒலித்தது. சாலையோரத்தில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்த முக்காடு அணிந்த மூதாட்டி ஒருவர் அடுப்பை அணைத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சற்றுப் பொறுக்குமாறு கையால் சைகை காட்டித் தொழச் சென்றார். நம் இளைய மகள் கேட்டாள்: "அத்தா, இவங்களும் நம்ம ஆளுங்களா? இவ்வளவு தூரத்துக்கு எப்படி வந்தாங்க?"

அக்கேள்விக்கு அன்று முழுமையான விடை கூற நம்மால் இயலவில்லை. ஊர் திரும்பிய பின் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெயரும் இடமும்

புக்கெட் தாய்லாந்தின் மிகப் பெரிய தீவு. அந்தமான் கடலில், மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டி அது அமைந்துள்ளது. 1967ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை படகில்தான் அங்கே செல்ல வேண்டும். மலையைக் குறிக்கும் 'புக்கிட்' என்னும் மலாய்ச் சொல்லிலிருந்தே இன்றைய பெயர் பிறந்தது என்பர். அதற்கு முன்பு மலாய் மக்கள் அதனை 'உஜோங் சாலாங்' என அழைத்தனர். உஜோங் என்றால் முனை. ஐரோப்பிய மாலுமிகளின் நாவில் இப்பெயர் 'ஜங்க் சிலோன்' எனத் திரிந்தது. இலங்கையாகிய சிலோனுக்கும் இத்தீவுக்கும் தொடர்பில்லை. ஒலி மட்டுமே ஒன்று.

இத்தீவை உலகம் நாடி வந்ததற்கு அந்நாளில் காரணம் கடற்கரையன்று, ஈயம். வெள்ளீயம் எனப்படும் அவ்வுலோகம் அங்கே மண்ணின் மேற்பரப்பிலேயே கிடைத்தது. பாத்திரங்களுக்குப் பூசவும், வெண்கலம் வார்க்கவும், நாணயம் அடிக்கவும் அது தேவைப்பட்டது.

நம் கரையிலிருந்து சென்றவர்கள்

வங்கக் கடலைக் கடந்து இக்கரைக்கு வணிகர் சென்றது இஸ்லாத்தின் வருகைக்கு முன்பே தொடங்கிய வழக்கம். புக்கெட்டுக்குக் கிழக்கே, கிராபி மாநிலத்தின் குளோங் தோம் என்னுமிடத்தில், பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. 'பெரும்பதன் கல்' என்று அதில் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்கள் அதனைக் கருதுகின்றனர். புக்கெட்டுக்கு வடக்கே, தகுவா பா என்னும் பழந்துறைமுகப் பகுதியில் 9ஆம் நூற்றாண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்ற குளம் வெட்டப்பட்டதையும், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினர் முதலானோர் அதற்குக் காவல் என்பதையும் அக்கல்வெட்டு கூறுகிறது.

பின்னாளில் அதே கடல்வழியில் தமிழ் முஸ்லிம்கள் கலம் செலுத்தினர். பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம், நாகூர் முதலிய துறைகளிலிருந்து சென்ற நம் மரைக்காயர்களையும் பிற வணிகர்களையும் அயல்நாட்டார் 'சூலியா' என்று அழைத்தனர். அவர்கள் சோழமண்டலக் கரையின் துணிகளைக் கொண்டு சென்றனர். ஈயத்தையும் யானைகளையும் ஏற்றி வந்தனர். மரக்கலத்தில் யானையை நிறுத்திக் கடல் கடத்துவதென்றால் அதற்கு எத்தகைய துணிவும் தேர்ச்சியும் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அக்காலக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியவை. ஒரு காற்றில் சென்றவர் மறு காற்று வீசும் வரை அங்கேயே மாதக்கணக்கில் தங்க வேண்டும். தங்கினால் உறைவிடம் வேண்டும், தொழ இடம் வேண்டும், உள்ளூர் மொழி வேண்டும். சிலர் அங்கேயே நிக்காஹ் செய்து குடும்பமாயினர். வங்கக் கடலின் கரையெங்கும் முஸ்லிம் குடியிருப்புகள் வேரூன்றியது பெரும்பாலும் இவ்வழியில்தான். படையெடுப்பு அதற்குக் காரணமன்று.

பெருமையோடு படிக்க இயலாத ஒரு பக்கம்

வரலாற்றைப் படிக்கும்போது நமக்கு இனிமையான பக்கங்களை மட்டும் புரட்டுவது நேர்மையாகாது. 1670களில் இத்தீவுக்கு வந்த தாமஸ் பவுரி என்னும் ஆங்கிலேய வணிகர் தாம் கண்டவற்றை எழுதி வைத்துள்ளார். சூலியாக்கள் ஆசியாவின் எல்லா நாடுகளுக்கும் சென்று வருபவர்கள் என்று கூறும் அவர், அவர்களைத் தந்திரக்காரர்கள் என்றும் பழிக்கிறார். அவர் அவர்களுடைய வணிகப் போட்டியாளர். ஆதலால் அச்சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எனினும் அவர் பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சியை நாம் கடந்து செல்ல இயலாது.

அப்போது சயாமை ஆண்டவர் அயுத்தயாவின் மன்னர் நாராய் (1656–1688). பாரசீகம், இந்தியா முதலிய நாடுகளின் முஸ்லிம்கள் பலருக்கு அவர் உயர்ந்த பதவிகளை அளித்திருந்தார். அவ்வகையில் முஹம்மது பேக் என்னும் இந்திய முஸ்லிம் ஒருவர் இத்தீவின் ஆளுநரானார். அவருடைய சகோதரருக்கு எதிர்க்கரைப் பகுதியில் அதிகாரம் கிடைத்தது. அவர்கள் உள்ளூர் அதிகாரிகளை விலக்கிவிட்டுத் தம்மவர்களையே பதவிகளில் அமர்த்தினர்; மக்களின் வெறுப்புக்கு ஆளாயினர். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். சகோதரர் இருவரும் கொல்லப்பட்டனர். அவர்களோடு இருந்த முஸ்லிம்கள் பலரும் அவ்வெழுச்சியில் உயிரிழந்தனர். அவர்களுள் நம் கரையிலிருந்து சென்ற சூலியாக்களும் அடங்குவர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதன் பின் 1680களில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆளுநராக அமர்த்தப்பட்டார். ஆட்சியின் ஆதரவால் உயர்ந்தவர்கள் சில ஆண்டுகளிலேயே மறைந்தனர். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு எவ்வாறு ஆயிற்று என்று பார்க்குமாறு திருமறை நமக்குப் பன்முறை அறிவுறுத்துகிறது. அந்த அறிவுறுத்தல் பிறருடைய பாழடைந்த நகரங்களைப் பார்ப்பதற்கு மட்டுமன்று. நம்மவரின் பிழைகளைப் பார்ப்பதற்கும்தான்.

இரு சகோதரிகள்

விமான நிலையத்திலிருந்து நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வாளேந்திய இரு பெண்களின் சிலைகளைக் காணலாம். 1966இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் அது. 1785ஆம் ஆண்டு பர்மியப் படை தீவை முற்றுகையிட்டபோது ஆளுநர் அப்போதுதான் இறந்திருந்தார். அவருடைய மனைவி சான் என்பவரும், அவருடைய தங்கை மூக் என்பவரும் மக்களைத் திரட்டித் தலாங் நகரைக் காத்தனர். பெண்களுக்கும் படைவீரர் உடை அணிவித்துக் காவற்படை பெரிதெனப் பகைவர் எண்ணச் செய்தனர் என்பது அங்கு வழங்கும் செய்தி. ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின் பர்மியர் பின்வாங்கினர்.

அச்சகோதரிகளின் தாயார் கெடாவிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தவர் என்பது அத்தீவின் மரபு. சகோதரிகள் பௌத்தச் சமூகத்தில் வாழ்ந்தவர்கள். இன்றும் தீவின் இரு சமயத்தாரும் அவர்களைத் தம்மவராகவே போற்றுகின்றனர்.

போருக்குப் பின் தீவில் அரிசிப் பஞ்சம் ஏற்பட்டது. முன்பு அங்கே வாழ்ந்து வணிகம் செய்த ஃபிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயருக்குச் சான் அம்மையார் எழுதிய கடிதங்கள் அந்தத் துயரைக் கூறுகின்றன. அதே லைட் 1786இல் பினாங்குத் தீவை ஆங்கிலேயருக்காகக் கைக்கொண்டார். வணிகம் அங்கே மாறியது. நம்மவர்களும் அங்கே சென்றனர். பினாங்கின் சூலியா தெருவும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அதற்குச் சான்று. உஜோங் சாலாங்கோ 1809இல் தொடங்கிய அடுத்த பர்மியப் படையெடுப்பில் அழிந்து, பின்னர் சீனத் தொழிலாளர்களின் உழைப்பால் ஈயச் சுரங்கங்களோடு மீண்டும் எழுந்தது. பழைய நகரின் வண்ணமிகு வீடுகள் அக்காலத்தின் செல்வத்துக்குச் சாட்சிகள்.

எஞ்சி நின்றவர்கள்

ஆளுநர்கள் மறைந்தனர், பெருவணிகர் பினாங்குக்குப் பெயர்ந்தனர். எனினும் இஸ்லாம் அத்தீவை விட்டு அகலவில்லை. அதனைக் காத்தவர்கள் யார்? மீன் பிடித்தவர்கள், தென்னையும் ரப்பரும் வளர்த்தவர்கள், சாலையோரத்தில் ரொட்டி போட்டவர்கள். பாங் தாவ், சுரின், கமலா, ராவாய் முதலிய ஊர்களில் இன்றும் பள்ளிவாசல்களைச் சுற்றியே அவர்களின் வாழ்க்கை அமைந்துள்ளது. அருகிலுள்ள பாங் ங்கா விரிகுடாவில், கடல்மேல் தூண்களை நட்டுக் கட்டப்பட்ட கோ பான்யீ என்னும் மீனவர் கிராமத்தின் நடுவிலும் ஒரு பள்ளிவாசல் நிமிர்ந்து நிற்கிறது.

இம்மக்களில் பெரும்பாலோர் மலாய் மரபினர். ஆயினும் வீட்டில் தாய்லாந்து மொழியே பேசுகின்றனர். நம் கடற்கரை ஊர்களைப் போன்றே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகின்றனர். நம் ரொட்டி அங்கும் ரொட்டிதான்; பெயர்கூட மாறவில்லை. கோழி பிரியாணிக்கு நெருங்கிய உறவான உணவை அவர்கள் 'காவ் மோக் காய்' என்கின்றனர்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கமலாவையும் பாங் தாவையும் தாக்கிய அதே காலையில்தான் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கியது. தாய்லாந்தில் மட்டும் 5,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பரங்கிப்பேட்டையில் நம் ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறாக்கிப் பரிமாறியதை நாம் மறக்கவில்லை. ஒரே கடல் நம் இரு கரைகளுக்கும் பொருளையும் தந்தது, துயரையும் தந்தது.

செல்வோருக்குச் சில சொற்கள்

புக்கெட் செல்வது கூடுமா, கூடாதா என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: எதற்காகச் செல்கிறீர்கள், அங்கே எவ்வாறு இருப்பீர்கள் என்பதை முதலில் உங்களையே கேளுங்கள். பாவத்திற்கான வாயில்கள் அங்கே உண்டு. அவை நம் ஊர்களிலும் உண்டு. குடும்பத்துடன் செல்வோர் இரவுக் கேளிக்கைக்குப் பெயர் பெற்ற பகுதிகளைத் தவிர்த்து, முஸ்லிம் ஊர்களின் அருகே தங்கலாம். உணவகங்களில் ஹலால் முத்திரையைப் பார்த்து உண்ணலாம். வெள்ளிக்கிழமையாயின் ஜும்ஆவை அங்குள்ள பள்ளியில் தொழுது, அம்மக்களுக்கு ஸலாம் கூறலாம். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஸலாமுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

பௌத்தர்களின் ஆலயங்களும் சீனர்களின் கோயில்களும் நிறைந்த தீவு அது. அவர்களின் வழிபாட்டில் நாம் பங்கேற்பதில்லை. ஆயினும் அவர்களை இகழும் ஒரு சொல்லும் நம் பிள்ளைகளின் வாயிலிருந்து வரக் கூடாது. அம்மண்ணின் மக்களை மதியாதவர்களுக்கு நேர்ந்த முடிவை மேலே கண்டோம்.

அன்று மாலை அம்மூதாட்டி தொழுதுவிட்டு வந்து எங்களுக்கு ரொட்டி போட்டுத் தந்தார். கொடுத்த பணத்தில் மீதியை எண்ணி மகளின் கையில் வைத்தார். விலை அறியாத வெளியூராரிடம் ஒரு காசும் கூடுதலாக வாங்கவில்லை. வாய்மையும் நம்பகமும் உடைய வணிகருக்கு நபிமார்களுடனும் ஷுஹதாக்களுடனும் இடமுண்டு என்னும் நபிமொழியை நாம் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அதனை அந்தச் சாலையோரத்தில் கண்ணால் கண்டோம்.

மகளின் கேள்விக்கு இப்போது நம்மால் விடை சொல்ல முடியும். "ஆம், அவர்களும் நம்மவர்களே. வணிகத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் உண்டு, மீன் பிடிக்க வந்தவர்கள் உண்டு. அதிகாரத்தை நம்பியவர்கள் போய்விட்டார்கள். அண்டை வீட்டாருடன் நேர்மையாக வாழ்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள்."

நம் முன்னோரின் நன்மைகளை ஏற்று, அவர்களின் பிழைகளை மன்னித்து, செல்லும் இடமெல்லாம் நம்பிக்கைக்குரியவர்களாக வாழும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.