மணிமன்றம் வளர்த்த தமிழ்



பிறந்த மண்ணைப் பிரிந்த இனம் தன் மொழியை எங்கே வைத்துக் காக்கிறது? வீட்டிலும் கோயிலிலும் என்று உடனே விடை சொல்லிவிடுவோம். இளைஞர் கூடும் இடத்திலும் என்பேன் நான். 1944இல் சோவியத் படைக்கு அஞ்சி வெளியேறிய எஸ்தோனிய மக்களில் ஒரு பகுதியினர் கனடாவில் குடியேறினர். அங்கே கோடை முகாம்கள் அமைத்துத் தம் பிள்ளைகளைத் தாய்மொழியில் பாடவும் பேசவும் பழக்கினார்கள். நம்மவரிடையே அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கது மலாயாவின் மணிமன்றம்.

நம் முன்னோர் கங்காணியின் பின்னே இலங்கைக்கு வந்த காலத்தில், அவர்களைப் போன்ற தமிழக ஏழைகள் பலர் மலாயாவின் றப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். அங்கும் லயம்தான்; அங்கும் பால்வெட்டுத்தான். தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலை ஆறாம் வகுப்போடு நின்றுவிடும். அதற்குப் பின் பிள்ளைக்குத் தமிழ் ஏது?

இந்தக் கேள்விக்கு ஒரு பத்திரிகை விடை தந்தது. திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூர் சென்ற கோ. சாரங்கபாணி, 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். 1950களில் அதிலே 'மாணவர் மணிமன்றம்' என்ற பகுதி மலர்ந்தது. எழுதிய பிள்ளைகள் உறுப்பினராயினர். ஊர்தோறும் மன்றங்கள் எழுந்தன. வளர்ந்தவர்கள் தமிழ் இளைஞர் மணிமன்றம் கண்டனர். பேச்சுப்போட்டி, நாடகம், பயிற்சி முகாம் எனப் பணி விரிந்தது. மலேசிய, சிங்கப்பூர் எழுத்தாளர் பலருக்கு முதற்களம் அந்த மாணவர் பக்கமே.

அதே காலத்தில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையில் தமிழுக்கு முதன்மை உண்டா என்ற கேள்வி எழுந்தது. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். தொழிலாளரும் தம் கூலியில் ஒரு பங்கை ஈந்தனர். அத்துறைக்கே 1961இல் நம் தனிநாயகம் அடிகள் தலைமையேற்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று.

1969க்குப் பின் குடியுரிமையில்லாத் தொழிலாளர் பல்லாயிரவர் மலேசியாவை விட்டுத் தமிழகம் திரும்பினர். 1964 ஒப்பந்தத்தால் உறவுகளைப் பிரிந்த நமக்கு அந்த வேதனை புதிதன்று. ஆயினும் அங்கே மணிமன்றம் மறையவில்லை.

நமக்கும் எழுத்து மரபு உண்டு. மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசுபெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' நூலாயின. ஓப்பநாயக்கத் தோட்டப்புறத்தில் தமிழ் கற்பிக்கும் நான் காண்பது வேறொரு குறை. எழுதும் ஆசையுள்ள பிள்ளை உண்டு; எழுதியதை வாசித்துக் காட்ட ஒரு கூட்டம் இல்லை. ஆசிரியர்களே, ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம், பத்துப் பிள்ளைகள், ஒரு கையெழுத்துச் சஞ்சிகை. இவ்வளவு போதும், தொடங்குவதற்கு.