அத்திப்பட்டு: வரைபடத்தில் இருக்கிற ஊர்

அத்திப்பட்டுன்னு சொன்னதும் பட்டணத்து ஆளுங்க கேக்குறது, "அஜித் படத்துல காணாமப் போச்சே, அந்த ஊரா?" 2001-ல் வந்த 'சிட்டிசன்' படத்தில் வருவது அத்திப்பட்டி, கற்பனை ஊர். எங்களது அத்திப்பட்டு. பொன்னேரி வட்டம், மீஞ்சூர் ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. ஒரே பேரில் ரெண்டு ஸ்டேஷன்!

இந்தப் பக்கத்துப் பழைய விளைச்சல் ரெண்டு. கழி ஓரம் உப்பு, மேற்கே நெல். 1805-ல் கம்பெனிக்காரன் மெட்ராஸ் மாகாண உப்பு வியாபாரத்தைத் தன் கைக்குள் எடுத்துக்கிட்டான். அதே காலத்தில் எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார்கள். பின்னால் அதுதான் பக்கிங்காம் கால்வாய் ஆனது. உப்பும் விறகும் படகேறி அதன் வழியாகத்தான் பட்டணம் போச்சு.

அடுத்துப் போனது தண்ணீர். 1960-களில் இருந்து மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் ஆழ்குழாய் போட்டு, மணலி ஆலைகளுக்கும் சென்னைக்கும் நிலத்தடி நீரை எடுத்தார்கள். மழை கொடுத்ததை விட அதிகமாக எடுத்தால் என்னாகும்? நல்ல தண்ணி இறங்கின இடத்துக்குக் கடல் தண்ணி வரும். பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. கிணறு கரிச்சா நெல் வராது, இது படிக்காதவனுக்கும் தெரியும். நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது 1987-ல். 2010-ல் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள், தினம் 10 கோடி லிட்டர், சென்னைக்கு.

மூணாவது மின்சாரம். வடசென்னை அனல் மின் நிலையம் என்று பேப்பரில் படிப்பீர்களே, அது இருப்பது அத்திப்பட்டில்தான். 1994 முதல் 1996 வரை 210 மெகாவாட்டில் மூணு யூனிட், பிறகு 600 மெகாவாட்டில் ரெண்டு. நிலக்கரி இறக்க எண்ணூர் துறைமுகம், 2001-ல். எரிச்ச கரியின் சாம்பல் சென்னைக்குப் போகாது. இங்கேயேதான் கிடக்கும்.

சுவிட்சர்லாந்து மலையில் மார்மோரேரா என்று ஒரு சின்ன ஊர். சூரிச் நகரத்துக்கு மின்சாரம் வேணும், அந்தப் பள்ளத்தாக்கில் அணை கட்டணும், ஊரே முழுகிப்போகும். 1948-ல் ஊர்க்காரங்களைக் கூட்டி ஓட்டெடுத்தாங்க. பெரும்பாலானவங்க சம்மதிச்சாங்க. அன்னைக்கு அங்கே பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்லை, அதையும் சொல்லணும். 1954-ல் ஊர் தண்ணிக்குள்ள போச்சு. சில வீடுகளும் கோயிலும் மேட்டில் புதுசா எழும்பின. ஆனால் ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறவர் வருஷா வருஷம் ஊராட்சிக்கு நீர்க்கட்டணம் தரணும்னு அந்த மாகாணத்தில் முறை இருக்கு. முழுகின ஊருக்கும் ஒரு கணக்குப் புத்தகம் இருந்தது.

நம்ம ஊர் முழுகலை. ஆனால் நம்மகிட்ட யாரும் ஓட்டுக் கேக்கலை. பெரிய ஆலை வந்தா கருத்துக்கேட்புக் கூட்டம் போடுவாங்க, பேசலாம்; கிராம சபை கையைத் தூக்கி வேணும், வேணாம்னு முடிவு பண்ண முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இப்போ மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை. அதில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை பத்தித் தீர்மானம் போடுறோம்.

உப்பு, தண்ணி, கரண்ட்டு எதையும் திருப்பிக் கேக்கலை. பட்டணத்து மக்களும் நம்ம ஜனங்கதான், ஃபேன் சுத்தட்டும். அடுத்து ஏதாவது இந்த ஊருக்கு வரும்போது, அதை இந்த ஆறு கூட்டத்தில் ஒண்ணுல வெச்சு எங்களைக் கேளுங்க. சம்மதம்னா சம்மதம்னு நாங்களே எழுதித் தர்றோம்.