இடுப்பில் ஒரு புத்தகம்

1942. போஸ்னியாவின் சரயேவோ நகர அருங்காட்சியகத்துக்கு ஒரு ஜெர்மன் ஜெனரல் வந்தார். பணம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒரு புத்தகத்தைக் கேட்டார். ஹகாதா.

எகிப்திலிருந்து யூதர்கள் விடுதலையான கதையைச் சொல்லும் நூல். பாஸ்கா இரவில் குடும்பமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். இந்தப் பிரதி 14ம் நூற்றாண்டு ஸ்பெயினில் எழுதப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் வண்ண ஓவியம். 1492ல் ஸ்பெயின் யூதர்களை விரட்டியது. புத்தகமும் ஊர் ஊராக அலைந்தது. 1609ல் கத்தோலிக்கத் தணிக்கையாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் மறுத்திருந்தால் நெருப்புக்குத்தான் போயிருக்கும்.

சரி, ஜெனரல் என்ன ஆனார்?

வேறொரு ஜெர்மன் அதிகாரி வந்து வாங்கிப் போய்விட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பொய்! புத்தகம் அந்த நேரம் நூலகர் தெர்விஷ் கோர்குட்டின் இடுப்பில் இருந்தது. கோட்டால் மூடியிருந்தார். மாட்டினால் மரணம்தான். கோர்குட் ஒரு முஸ்லிம். அதை மலைக் கிராமத்து மசூதியில் ஒளித்துவைத்தார்கள் என்பார்கள்.

அதோடு விடவில்லை. அதே வருடம் ஒரு யூத இளம்பெண்ணை முஸ்லிம் வேலைக்காரி என்று சொல்லித் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். 1969ல் இறந்தும் போனார். 1994ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் அவரை கௌரவித்துச் சான்றிதழ் தந்தது.

1999. கொசோவோ யுத்தம். கோர்குட்டின் மகள் அகதியானார். கையில் அந்தச் சான்றிதழின் நகல். இஸ்ரேல் கதவைத் திறந்தது. விமான நிலையத்தில் வரவேற்கக் காத்திருந்தவர், அன்று தப்பிய அந்தப் பெண்ணின் மகன்.

கோர்குட் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை. ஆனாலும் வரவு வந்து சேர்ந்துவிட்டது.