சிறு வானூர்தியும் காக்கும் வலையும்

வெட்சிக்குக் கரந்தையையும் உழிஞைக்கு நொச்சியையும் எதிராக வைத்தனர் புறத்திணை வகுத்த தமிழ்ச் சான்றோர். தாக்குவோன் ஒரு வழி கண்டால் காப்போனும் ஒரு வழி காண்பான் என்பது போரின் இயல்பு. படைவீரனின் தலைக்கு மேல் வட்டமிடும் சிறிய ஆளில்லா வானூர்திக்கும், அதாவது டிரோனுக்கும், இவ்வியல்பு பொருந்தும். அதனைத் தடுக்கும் முறைகள் சில ஆண்டுகளுக்குள் வளர்ந்தவை. ஆயினும் அவற்றின் வேர் பழைமையானது.

பாரிசு நகரின் பலூன்கள்

1870ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பிரஷ்யப் படை பாரிசு நகரை முற்றுகையிட்டது. நகரத்தார் கடிதங்களையும் ஆட்களையும் பலூன்களில் ஏற்றி முற்றுகைக்கு அப்பால் அனுப்பினர். வானத்துப் பொருளைச் சுடத்தக்க கருவி தரைப்படையிடம் இல்லை. ஆகவே குருப் தொழிற்சாலை, வண்டியின்மேல் பொருத்தி மேல்நோக்கிச் சுடக்கூடிய இலேசான பீரங்கியைச் செய்து தந்தது. வானெதிர்ப் பீரங்கிகளின் முன்னோடி இதுவே எனலாம். நகரத்தார் என் செய்தனர்? பகற்பயணத்தை விடுத்து இரவில் பலூன்களைப் பறக்கவிட்டனர். தடுப்பு தோன்றியதும் தடுப்பைக் கடக்கும் வழியும் தோன்றிவிட்டது.

ஆளின்றி வந்த குண்டு

1944ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், ஜெர்மானியரின் வி-1 என்னும் பறக்கும் குண்டு முதன்முதலாக இலண்டன்மீது வீழ்ந்தது. அதனைச் செலுத்த உள்ளே ஆள் இல்லை. ஆங்கிலேயர் ஒரே காப்பை நம்பவில்லை. கடல்மீது போர்விமானங்களும், கரையோரத்தில் பீரங்கிகளும், நகருக்கு அருகே இரும்புக் கம்பிகள் தொங்கும் பலூன்களுமாக அடுக்கடுக்காகக் காவல் அமைத்தனர். ஜூலை மாதத்தில் பீரங்கிகள் தென்கரைக்கு மாற்றப்பட்டன. இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டும், ராடாரும் அவற்றிற்குத் துணை நின்றன. ஆகஸ்டு இறுதியில், வந்த குண்டுகளுள் பெரும்பகுதி வழியிலேயே வீழ்த்தப்பட்டது.

இவ்வெற்றிக்கு ஒரு காரணம் உண்டு. வி-1 நேர்கோட்டில் சென்றது. ஆகவே அது சென்றடையும் இடத்தைக் கணக்கிட முடிந்தது. இன்றைய சிறு டிரோனோ மனிதன் கண்கொண்டு செலுத்துவது. அது நிற்கும், திரும்பும், மரத்தடியில் நுழையும்.

மோசூல் காட்டிய பாடம்

இச்சிறு ஊர்தியின் கொடுமையை உலகம் தெளிவாகக் கண்டது ஈராக் நாட்டில். 2016ஆம் ஆண்டு அக்டோபரில், ஐ.எஸ். இயக்கத்தாரின் டிரோன் ஒன்றைக் குர்து வீரர்கள் கைப்பற்றி ஆராய முற்பட்டபோது அது வெடித்து, இருவர் மாண்டனர். வீழ்ந்த பகை ஊர்தியையும் தொடலாகாது என்பது அன்று உயிர்விலை கொடுத்துக் கற்ற பாடம். அடுத்து நடந்த மோசூல் போரில், கடையில் வாங்கத்தக்க டிரோன்களிலிருந்து கையெறி குண்டுகள் வீரர்கள்மீது வீழ்ந்தன.

எதனைக்கொண்டு எதிர்ப்பது என்னும் கேள்வியோடு, என்ன விலையில் எதிர்ப்பது என்னும் கேள்வியும் எழுந்தது. ஏறத்தாழ 200 டாலர் விலையுள்ள டிரோன் ஒன்றை, 30 இலட்சம் டாலர் பெறும் பேட்ரியட் ஏவுகணையால் நட்பு நாடு ஒன்று வீழ்த்தியதாக, அமெரிக்கப் படைத்தலைவர் டேவிட் பெர்க்கின்ஸ் 2017இல் கூறினார். கொசுவை அடிக்கக் கோடரி எடுத்த கதை இது. இவ்வாறு வென்றாலும் கருவூலம் தோற்கும்.

உக்ரேன் போர்க்களம்

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன்மீது பெரும்படையெடுப்பைத் தொடங்கிய பின், இருதரப்பாரும் எண்ணற்ற டிரோன்களைக் களத்தில் இறக்கினர். முதலில் பெரிதும் பயன்பட்ட தடுப்பு வானொலித் தடையாகும். டிரோனும் அதனைச் செலுத்துவோனும் வானொலி அலையால் இணைந்துள்ளனர். அதே அலைவரிசையில் பேரிரைச்சலை எழுப்பினால் இணைப்பு அறும். ஆனால் ஒரு கருவி சில அலைவரிசைகளையே மூடும். பகைவன் வரிசையை மாற்றினால் கருவி பயனற்றுப் போகும்.

2024ஆம் ஆண்டில் வேறொரு மாற்றமும் நேர்ந்தது. மயிரிழை போன்ற கண்ணாடி இழையைப் பின்னால் விட்டுக்கொண்டே பறக்கும் டிரோன்கள் களத்தில் பெருகலாயின. செலுத்துவோனின் கட்டளை அவ்விழை வழியே செல்வதால் வானொலித் தடை அதனை ஒன்றும் செய்யாது.

ஆகவே வீரர்கள் பழைய கருவிகளை மீண்டும் நாடினர். பறவை வேட்டைக்காரரின் சிதறுரவைத் துப்பாக்கி அவற்றுள் ஒன்று. ஒரே குண்டு தவறலாம். பரந்து செல்லும் ரவைகளுள் ஒன்றேனும் இறக்கையில் படலாம். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் டிரோன் 50 மீட்டரை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும். சுடுவோனுக்குக் கிடைக்கும் காலம் அவ்வளவே. ஆகவே ஒருவன் வேலை செய்ய மற்றொருவன் வானத்தையே நோக்கியிருத்தல் வேண்டும். மூடுபனியும் மழையும் டிரோனின் கண்ணை மறைப்பதால், அத்தகைய வேளைகளில் இடம்பெயர்வதும் ஒரு காப்பாயிற்று. டிரோனை மோதி வீழ்த்தும் டிரோன்களும் பெருகின.

மீன்வலையின் புதுப்பணி

எல்லாவற்றினும் எளியது வலை. படையினரும் உணவும் மருந்தும் செல்லும் சாலைகளின் இருபுறமும் கம்பங்கள் நட்டு, மேலே வலை விரித்துக் கூடாரம் போலாக்கினர். சுழலும் இறக்கை வலையிற் சிக்கினால் ஊர்தி நின்றுவிடும். 2025இல் பிரான்சின் பிரெட்டனிக் கரையிலிருந்து மீனவர்களின் பழைய வலைகள் உக்ரேனுக்கு அனுப்பப்பட்டன. கடலில் மீனைப் பிடித்த வலை நிலத்தில் மனிதனைக் காக்கச் சென்றது. வலையும் முழுக்காப்பு அன்று. ஒரு டிரோன் வெடித்துக் கிழித்த துளை வழியே மற்றொன்று நுழையலாம். நாள்தோறும் அதனைச் செப்பனிட வேண்டும்.

இவ்வலை படைவீரனுக்கு மட்டும் உரியதன்று. கெர்சான் நகரில் தெருவில் நடப்போரும், பேருந்தில் செல்வோரும், ஆம்புலன்சு வண்டிகளும் டிரோன்களால் தாக்கப்பட்டனர். ரஷ்யப் படையினரின் இச்செயல் மனிதகுலத்திற்கு எதிரான குற்றமாகும் என்று ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதத்தில் அறிவித்தது. பாரிசு முற்றுகையில் பலூனைச் சுட்ட பீரங்கி, அதனுள் இருந்த ஒருவரிருவரையே குறிவைத்தது. கெர்சானில் டிரோனைச் செலுத்துவோன் திரையில் காண்பது காய்கறிக் கூடையோடு வீடு திரும்பும் ஒரு முதியவளாகவும் இருக்கலாம். அவளுக்கு மேலே விரிந்திருக்கும் வலையின் மதிப்பை டாலரில் அளத்தல் இயலாது.